தீவின் கணக்கு யார் கையில்?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு கேள்விக்கு விடை எழுதும்போது, மொரீஷியஸில் 2011 கணக்கெடுப்புக்கும் 2022 கணக்கெடுப்புக்கும் இடையில் மக்கள்தொகை கூடவே இல்லை என்று போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு வந்த கடிதங்கள் பல. ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்நாட்டின் தேசியப் புள்ளிவிவர நிறுவனமான ‘ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மொரீஷிய’ஸுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கள் சிவகங்கை மாவட்டத்தின் மக்கள்தொகையே பதின்மூன்று லட்சத்துக்கு மேல். மொரீஷியஸ் அதைவிடச் சிறியது. அவ்வளவு சிறிய நாட்டுக்குத் தனியாக ஒரு தேசியப் புள்ளிவிவர நிறுவனம் எதற்கு? — வாசகர், காரைக்குடி

நாடு சிறிதானால் கணக்கும் சிறிதாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் புள்ளியியலில் அந்த நினைப்பு பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. தலைகளை எண்ணுவது பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேலை. மற்ற ஆண்டுகளில் நடப்பவை மாதிரி ஆய்வுகளே. வேலையில்லாதோர் எத்தனை சதவிகிதம் என்பது போன்ற ஒரு விகிதத்தை, 95 சதவிகித நம்பகத்தன்மையுடன், இரண்டு சதவிகிதப் புள்ளிக்கு மேல் பிசகாமல் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எளிய மாதிரி முறையில் அதற்குச் சுமார் 2,400 பேரைக் கேட்க வேண்டும். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் அதே 2,400 பேர்தான், பன்னிரண்டே கால் லட்சத்தை ஒட்டிய மொரீஷியஸுக்கும் அதே 2,400 பேர்தான். ஏறத்தாழப் பதினோராயிரம் பேர் வாழும் துவாலுத் தீவுகளில்கூட அந்த எண்ணிக்கை 2,000-க்கு அருகில்தான் நிற்கிறது. அதாவது ஐந்தாறு பேருக்கு ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். நாடு சுருங்கும் அளவுக்கு ஆய்வுச் செலவு சுருங்குவதில்லை என்பதையும், அந்தச் செலவைச் சுமக்கும் வரி செலுத்துவோர் மட்டும் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், சிறிய தீவுநாடுகள் இவ்வேலைக்கு ஏன் திணறுகின்றன என்பது விளங்கும்.

செய்ய வேண்டிய கணக்குகளின் பட்டியலும் குறைவதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்தி, நுகர்வோர் விலைக் குறியீடு, ஏற்றுமதி இறக்குமதி, வேலைவாய்ப்பு, வறுமை, வீட்டுவசதி, சுற்றுலா என எல்லாவற்றுக்கும் சீனாவும் மொரீஷியஸும் பின்பற்றும் பன்னாட்டு விதிநூல்கள் ஒன்றே. பன்னாட்டு நிதியம் வகுத்த ‘சிறப்புத் தரவு வெளியீட்டு நெறி’யில் மொரீஷியஸ் 2012-இல் இணைந்தது. எந்தப் புள்ளிவிவரம் எந்த நாளில் வெளியாகும் என்பதை முன்கூட்டியே அறிவித்து, அந்த நாள் தவறாமல் வெளியிட வேண்டும் என்பது அதில் ஒரு கட்டாயம்.

இந்த எண்கள் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. விலைவாசிக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் அங்கே குடும்பச் செலவு ஆய்வு நடத்தப்படுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பங்கள் தாங்கள் செய்யும் செலவை எழுதிவைக்கின்றன. அதிலிருந்துதான் குறியீட்டில் அரிசிக்கு எவ்வளவு எடை, அதாவது பங்கு, பேருந்துக் கட்டணத்துக்கு எவ்வளவு எடை என்பது முடிவாகிறது. உணவுப் பொருள்களின் எடை மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. புயலோ பெருமழையோ வந்து காய்கறித் தோட்டங்கள் அழிந்தால், அடுத்த மாதக் குறியீட்டில் அது அப்படியே தெரியும். ஆண்டு இறுதியில் அரசும், முதலாளிகள் தரப்பும், தொழிற்சங்கங்களும் ஒரே மேசையில் அமர்ந்து, வரும் ஜனவரி முதல் தொழிலாளருக்குத் தர வேண்டிய விலைவாசி ஈட்டுத்தொகையைப் பேசும்போது, மூன்று தரப்பும் கையில் வைத்திருப்பது இந்த நிறுவனம் சொன்ன பணவீக்க விகிதத்தைத்தான். 2022-இல் அந்த விகிதம் 10.8 சதவிகிதமாக இருந்தது. ஒரு சதவிகிதம் கூட்டியோ குறைத்தோ சொல்லப்பட்டிருந்தால், அது நேராகப் பல லட்சம் பேருடைய சம்பளத்தில் போய் விழுந்திருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நாம் கருதுவது வேறொன்று. பெரிய நாட்டில் மத்திய அரசின் எண் சரியில்லை என்று தோன்றினால் மாநிலங்களின் எண்ணோடு ஒப்பிடலாம். பல்கலைக்கழகங்களும் தனியார் ஆய்வு நிறுவனங்களும் தம் வழியில் அளந்து பார்க்கும். தீவுநாட்டில் பெரும்பாலும் இரண்டாவது அளவுகோல் கிடையாது. அந்த ஒரே நிறுவனம் சொல்வதுதான் நாட்டின் கணக்கு.

இந்த நிறுவனம் எப்போது தொடங்கியது? ஆங்கிலேயர் காலத்ததா? — வாசகி, நாகப்பட்டினம்

ஆம். மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் என்ற பெயரில் 1945-இல் தொடங்கியது. இப்போது 2000-ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சட்டத்தின்கீழ், நிதி அமைச்சகத்தின் பொறுப்பில் இயங்குகிறது. எண்ணும் வழக்கம் அதைவிடப் பழையது. முதல் நவீனக் கணக்கெடுப்பு 1846-இல் நடந்தது. அடிமைமுறை ஒழிந்து, உங்கள் பக்கத்துக் கடற்கரையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகப் போய் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. கரும்புத் தோட்டத்துக்கு எத்தனை கை கிடைக்கும் என்பதுதான் அன்றைய ஆட்சிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

எண்கள் ஆட்சியின் போக்கையே திருப்பியதற்கு அங்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1940-களின் கடைசியில் மலேரியா ஒழிப்பு இயக்கம் நடந்தது. இறப்பு விகிதம் சட்டென்று விழுந்தது, பிறப்பு விகிதம் குறையவில்லை. 1952, 1962 கணக்கெடுப்புகளுக்கு இடையே மக்கள்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று சதவிகிதம் பெருகியது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் ஜேம்ஸ் மீட், 1961-இல் வெளியான தம் அறிக்கையில் இத்தீவின் எதிர்காலம் பற்றி மிகவும் கவலையோடு எழுதினார். அதை ஒட்டிய காலத்தில் பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸும் அவருடைய குழுவினரும் குடும்பக் கட்டுப்பாட்டை வலியுறுத்தினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஆறு குழந்தைகளை ஒட்டியிருந்த பிறப்பு விகிதம், எழுபதுகள் முடிவதற்குள் மூன்றளவுக்கு இறங்கியது. இன்று அது ஒன்றரைக்கும் கீழே. அன்று கூட்டம் பெருகுகிறதே என்று அஞ்சிய நாட்டில், இன்று அதே துறை வெளியிடும் அட்டவணைகளைப் பார்த்து ஓய்வூதியத்துக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கவலைப்படுகிறார்கள்.

மொரீஷியஸ் கணக்கெடுப்பில் இனம் கேட்கப்படுவதில்லை என்றும், ஆனால் தேர்தலில் இனக்கணக்கு பார்க்கப்படுகிறது என்றும் படித்தேன். இது எப்படிச் சாத்தியம்? — வாசகர், சென்னை

நீங்கள் படித்தது சரிதான். வந்த கேள்விகளில் விரிவாகச் சொல்ல வேண்டியதும் இதுவே.

மொரீஷியஸின் அரசியல் சட்டம் மக்களை நான்கு சமூகங்களாகப் பார்க்கிறது: இந்துக்கள், முஸ்லிம்கள், சீன மொரீஷியர், பொதுமக்கள். இந்த நான்காவது பிரிவுக்கு அச்சட்டம் தரும் விளக்கம் விசித்திரமானது. தம் வாழ்க்கைமுறையால் மற்ற மூன்றில் எதையும் சேர்ந்தவராகத் தோன்றாத ஒவ்வொருவரும் ‘பொதுமக்கள்’. பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்களும் பிரெஞ்சு வழிவந்தோரும் இப்படித்தான் ஒரே கூட்டில் சேர்ந்தார்கள். தமிழர், தெலுங்கர், மராத்தியர் ஆகியோர் இந்துப் பிரிவில் வைத்துக் கணக்கிடப்படுகிறார்கள்.

நாடாளுமன்றத்துக்கு 62 பேர் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். அதற்குமேல், தோற்றவர்களிலேயே நன்றாக வாக்கு வாங்கியவர்களிலிருந்து எட்டுப் பேர் வரை கூடுதலாகச் சேர்க்கப்படலாம். ‘பெஸ்ட் லூசர்’ முறை என்பது இதன் பெயர். தேர்தலில் போதிய இடம் கிடைக்காத சமூகத்துக்கு ஈடுசெய்வது இதன் நோக்கம். எந்தச் சமூகத்துக்குக் குறைந்திருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், அச்சமூகத்தார் நாட்டில் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். இந்த இடத்தில்தான் புள்ளிவிவர அலுவலகம் உள்ளே வருகிறது.

1972 கணக்கெடுப்பு வரை சமூகம் கேட்கப்பட்டது. அந்த ஆண்டு மொரீஷியஸ் தீவில் இருந்த சுமார் 8 லட்சத்து 26 ஆயிரம் பேரில் பாதிக்குச் சற்று மேல் இந்துக்கள், நூற்றுக்குப் பதினாறு பதினேழு பேர் முஸ்லிம்கள், மூன்று பேர் சீனர், எஞ்சியோர் பொதுமக்கள். 1982 தேர்தலில் முதன்மைத் தீவின் அறுபது இடங்களையும் வென்ற புதிய அரசு, மக்களை இப்படிக் கூறுபோடக் கூடாது என்ற கொள்கையுடன் அக்கேள்வியைக் கைவிட்டது. 1983 கணக்கெடுப்பில் அது இல்லை, அதன்பின் வந்த எதிலும் இல்லை. ஆனால் ‘பெஸ்ட் லூசர்’ முறையை நீக்குவதற்குத் துணிவு பிறக்கவில்லை. அதனால் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1972 கணக்கெடுப்பின் எண்களையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று எழுதிவைத்தார்கள்.

விளைவு என்னவென்றால், கணக்கெடுப்பின்போது பிறந்தே இராதவர்களின் பிரதிநிதித்துவத்தை அந்தக் கணக்கெடுப்பு தீர்மானித்துக்கொண்டிருக்கிறது. தம் சமூகத்தைக் குறிப்பிட மறுத்த வேட்பாளர்களின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. அவர்களில் சிலர் ஐ.நா. மனித உரிமைக் குழு வரை சென்றார்கள். புதிய எண்களே இல்லாத நிலையில் வேட்பாளரைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது தான்தோன்றித்தனமானது என்றும், அது தேர்தலில் பங்கேற்கும் உரிமைக்கு முரணானது என்றும் 2012-இல் அக்குழு கூறியது. 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகத் திருத்தம் வந்து, வேட்பாளர்கள் சமூகத்தைச் சொல்லாமலும் நிற்க முடிந்தது.

இதில் புள்ளிவிவர நிறுவனத்தைக் குறைசொல்ல இடமில்லை. எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை முடிவுசெய்தது அரசியல். கேள்வியை நீக்கியதில் நியாயம் இருந்தது, கேட்டுத் தெரிந்துகொள்வதிலும் நியாயம் இருந்திருக்கும். கேட்பதை நிறுத்திவிட்டு, பழைய விடையை மட்டும் சட்டத்தில் உறையவைத்ததைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை. நம் மக்களவையிலும் மாநிலங்களுக்கு இடையிலான இடப்பங்கீடு 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிறுத்திவைக்கப்பட்ட வரலாறு இருப்பதால், தமிழ்நாட்டு வாசகருக்கு இது முற்றிலும் அயலான சிக்கலாக இராது. ஆனால் அங்கே நிறுத்தியதற்குக் காரணம் வேறு, இங்கே காரணம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் மொரீஷியஸில் தமிழர் எத்தனை பேர் என்று எப்படிச் சொல்கிறார்கள்? — வாசகி, தஞ்சாவூர்

சமூகத்தைக் கேட்காவிட்டாலும் மதத்தைக் கேட்கிறார்கள். மொழியையும் கேட்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் வீட்டில் பேசும் மொழி, மூதாதையர் பேசிய மொழி என்று இரண்டு தனிக் கேள்விகள் இருந்தன. மதம் என்ற இடத்தில் ‘தமிழ்’ என்றே எழுதுவோர் பலர், அது ஒரு தனி வகையாகவே அட்டவணையில் இடம்பெறுகிறது. மக்கள்தொகையில் தமிழ் வழியினர் ஏறத்தாழ ஆறு சதவிகிதம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வீட்டில் பேசும் மொழியைப் பார்த்தால் படம் வேறு. 2011-இல் சுமார் 84 சதவிகிதத்தினர் வீட்டில் பேசியது பிரெஞ்சை அடிப்படையாகக் கொண்ட கிரியோல் மொழி. போஜ்புரி ஐந்து சதவிகிதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. தமிழை அன்றாடம் வீட்டில் பேசுவோர் மிகச் சிலரே. எந்தக் கேள்விக்கான விடையை எடுத்துக்கொள்கிறோம் என்பதைச் சொல்லாமல் ‘மொரீஷியஸில் இத்தனை தமிழர்’ என்று எழுதுவது சரியாகாது. நம் மேடைகளில் அது அடிக்கடி நடக்கிறது.

மொரீஷியஸ் அரசே தன் பொருளாதார எண்களைத் திரித்ததாகச் செய்தி வந்ததே? அப்படியானால் இந்த நிறுவனத்தை எப்படி நம்புவது? — வாசகர், மதுரை

நீங்கள் குறிப்பிடுவது 2024 நவம்பர் தேர்தலுக்குப் பின் நடந்தது. நவீன் ராம்கூலம் தலைமையில் அமைந்த புதிய அரசு, அடுத்த மாதமே பொருளாதார நிலை குறித்து ஓர் அறிக்கையை வெளியிட்டது. முந்தைய ஆட்சியில் வளர்ச்சி விகிதமும் நிதிப் பற்றாக்குறையும் பொதுக்கடனும் உள்ளபடி காட்டப்படவில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. 2025 ஜனவரி இறுதியில் தர மதிப்பீட்டு நிறுவனமான மூடிஸ், நாட்டின் கடன் தகுதி பற்றிய எதிர்காலக் கணிப்பை எதிர்மறையாக மாற்றியது. முதலீட்டுக்கு உகந்தது என்ற வரிசையில் மொரீஷியஸ் ஏற்கெனவே கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்த நேரம் அது.

இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பற்றாக்குறையும் கடனும் நிதி அமைச்சகத்தின் கணக்குகள். மொத்த உள்நாட்டு உற்பத்தி புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்கு. ஆனால் கடன், பற்றாக்குறை இரண்டும் உற்பத்தியில் இத்தனை சதவிகிதம் என்றுதான் உலகுக்குச் சொல்லப்படுகின்றன. கீழே வகுக்கும் எண் பெரிதானால் மேலே உள்ள கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாமலே விகிதம் குறைந்துவிடும். ஆகவே எந்த நிதி அமைச்சருக்கும் அந்த எண் பெரிதாக இருப்பதில் ஆர்வம் உண்டு. அந்த எண்ணைச் சொல்லும் நிறுவனம் அதே அமைச்சகத்தின் கீழ் இருப்பது, அதிகாரிகள் எவ்வளவு நேர்மையாளர்களாக இருந்தாலும், நல்ல ஏற்பாடு ஆகாது. புள்ளிவிவரச் சட்டத்தில் இயக்குநருக்குப் பொறுப்பும், தகவல் தருவோரின் இரகசியத்துக்குப் பாதுகாப்பும் இருக்கின்றன. ஆயினும் பணமும் பணியிடமும் எந்த அமைச்சகத்திலிருந்து வருகின்றன என்பதைக் குடிமக்கள் பார்க்கத்தான் செய்வார்கள். நேரடியாக நாடாளுமன்றத்துக்குப் பதில்சொல்லும் அமைப்பாக அது மாற வேண்டும் என்பது நம் கருத்து.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓர் எண் பின்னர் திருத்தப்படுவதே திரிபுக்குச் சான்று ஆகாது. முதலில் வருவது மதிப்பீடு. வரிக் கணக்குகளும் நிறுவன அறிக்கைகளும் வந்துசேர்ந்த பிறகு உலகில் எல்லா நாடுகளும் அதைத் திருத்துகின்றன. ஏன் திருத்தினோம், எந்தத் தரவு புதிதாக வந்தது என்பதை நிறுவனம் கூடவே சொல்கிறதா என்பதைப் பாருங்கள்.

சிறிய பொருளாதாரத்தில் ஓர் ஆண்டு எண்ணை வைத்து முடிவுசெய்யக் கூடாது என்கிறார்கள். விளக்க முடியுமா? — வாசகர், திருச்சி

ஏர் மொரீஷியஸ் ஒரு புதிய விமானம் வாங்கினால் போதும், அந்தக் காலாண்டில் நாட்டின் இறக்குமதியும் முதலீடும் எகிறிவிடும். அதனால்தான் அந்நிறுவனம் முதலீட்டு வளர்ச்சியைச் சொல்லும்போது, விமானமும் கப்பலும் சேர்த்து ஒரு விகிதம், அவற்றை நீக்கி ஒரு விகிதம் என்று இரண்டாகச் சொல்கிறது. போர்ட் லூயி துறைமுகத்தில் கப்பல்களுக்கு நிரப்பும் எரிபொருளும் ஏற்றுமதியில் தனி வரியாகக் காட்டப்படுகிறது.

சுற்றுலாவும் அப்படித்தான். 2018-இல் வந்த பயணிகள் ஏறத்தாழ 14 லட்சம், அதாவது குடிமக்களைவிட அதிகம். குடிநுழைவுத் துறை தரும் தகவலிலிருந்து இந்த எண் தொகுக்கப்படுகிறது. கொரோனாவால் 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டு, 2021 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தது. 2020-இல் பொருளாதாரம் பதினான்கு பதினைந்து சதவிகிதம் சுருங்கியது. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. உலக வங்கி 2020 ஜூலையில், அதாவது விமானங்கள் பறக்காமல் நின்றிருந்த நேரத்தில், மொரீஷியஸை உயர்வருமான நாடு என்று அறிவித்தது. அது 2019-ஆம் ஆண்டின் தலா வருமானத்தை வைத்துச் செய்த கணக்கு. மறு ஆண்டே பழைய வகைக்கு இறக்கியது.

இந்திய வாசகருக்குத் தெரிந்த இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வரி ஒப்பந்தத்தின் பயனாக, பல ஆண்டுகள் இந்தியாவுக்கு வந்த அந்நிய முதலீட்டில் மொரீஷியஸே முதலிடத்தில் இருந்தது. 2016-இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி தீவின் வழியாகப் போனதே தவிரத் தீவில் தங்கியதில்லை. இப்படிப் பணம் கடந்துபோவதற்காக அங்கே பதிவுசெய்யப்பட்ட நிறுவனங்களின் சொத்து மதிப்பு நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப்போல் பல மடங்கு. இவற்றைப் பிரித்துக் காட்டாத எந்த அட்டவணையும் அங்கே வாழும் மக்களின் நிலையைச் சொல்லாது.

ரொட்ரிக்ஸ், அகலேகா போன்ற தொலைதூரத் தீவுகளையும் எண்ணுகிறார்களா? — வாசகி, இராமேஸ்வரம்

எண்ணுகிறார்கள். முதலில் வீடுகளின் கணக்கு, அதன்பின் மக்களின் கணக்கு என்று இரண்டு கட்டங்களாக நடக்கும் கணக்கெடுப்பில் அத்தீவுகளும் அடங்கும். முதன்மைத் தீவிலிருந்து சுமார் 560 கிலோமீட்டர் கிழக்கே உள்ள ரொட்ரிக்ஸில் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2002 முதல் அதற்குத் தன்னாட்சி உண்டு என்பதால், அதன் எண்கள் தனியாகவே வெளியிடப்படுகின்றன. தேசியச் சராசரியில் கலந்துவிட்டால் அத்தீவின் நிலை கண்ணுக்கே தெரியாது.

வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகலேகாவில் வசிப்போர் சில நூறு பேர். அங்கே எண்ணுவதைவிட வெளியிடுவதே கடினம். வயது, தொழில், குடும்ப நிலை என்று மூன்று வகையாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டால், அட்டவணையின் ஏதோ ஒரு கட்டத்துக்குள் ஒரே ஒருவர் நிற்பார். அவர் யார் என்பது தீவு முழுவதற்கும் தெரிந்துவிடும். ஆகவே இத்தகைய இடங்களில் கட்டங்களைச் சேர்த்தோ, சில கட்டங்களை மறைத்தோ வெளியிடுவது புள்ளியியல் வழக்கம். ஒரு தொழிலில் இரண்டே நிறுவனங்கள் இருந்தாலும் இதே நிலைதான். மொத்தத்தைச் சொன்னால், ஒன்று தன் எண்ணைக் கழித்து மற்றதன் வியாபாரத்தைத் தெரிந்துகொள்ளும்.

இதனினும் சிறிய நாடுகளில் தனித்து இயங்கவே முடிவதில்லை. பசிபிக்கில் துவாலு, நவுரு போன்ற நாடுகள் தம் அலுவலகத்தில் இருக்கும் ஒரு சிலரோடு, நியூ கலெடோனியாவின் நூமேயாவைத் தலைமையிடமாகக் கொண்ட பசிபிக் சமூகம் என்ற கூட்டமைப்பின் புள்ளியியல் பிரிவுடைய உதவியையும் பெற்றே கணக்கெடுப்பை நடத்துகின்றன. வினாத்தாள் வடிவமைப்பு முதல் தரவுகளைப் பகுத்துப் பார்ப்பது வரை அப்பிரிவு கைகொடுக்கிறது.